மிச்சக் கலவை

"இதை உடைங்க சார்!"

எதை வேண்டுமானாலும் கேள், பூசிய சுவரை உடைக்க மட்டும் சொல்லாதே... வேலையில் சேர்ந்த அன்றே இன்ஜினியர் மணிமொழியிடம் காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். இன்று அதையே சொல்லிவிட்டாள்.

வெளியே மழை. கல்வராயன் மலையே காணவில்லை. நிலநடுக்கத்தின் ஆட்டத்தை அடக்கச் சுவரில் பதித்த டேம்பரைச் சோதிக்கச் சென்னையிலிருந்து வந்த சிவசங்கர் திரும்பினான். நனைந்த இமைகள்... அவற்றுக்குக் கீழே சுடுகிற கண்கள்!

"வந்ததும் வராததுமா உடைக்கச் சொல்றீங்க... ஒரு டீகூடத் தரல."

"நிலம் ஆடுனா டேம்பர்ல இருக்கிற கம்பி இழுபட்டுத் திரும்பணும். சுத்தி விட்ட இடைவெளியையெல்லாம் சிமெண்டால அடைச்சிருக்காங்க. எப்டி திரும்பும்?"

டீ வந்தது. மாதிரிக் கம்பி ஒன்றை அவன் வளைத்துச் சூடான டீயில் போட்டான். சடாரென நிமிர்ந்தது!

"சூடு பட்டா இதுக்குப் பழைய வடிவம் ஞாபகம் வந்துடும். சுவத்துல இருக்கிறதுக்குச் சூடும் வேணாம், இழுத்து விட்டாலே போதும்."

"டீ வீணாப் போச்சே சார்."

சிரித்தான்... அவளும்தான். சுவரைத் தடவியதும் அவன் முகம் மாறியது.

"யாரு அடைச்சது? அறிவிருக்கா?"

சித்தாள் கொளஞ்சியம்மாள் முன்னால் வந்தாள். "மிச்சக் கலவை வீணாவுதேன்னு நாந்தான் அடைச்சேங்க. மன்னிச்சுக்கோங்க மேடம்."

மேடம்! பெற்ற மகளை. மூன்று மாதமாக இங்கே அப்படித்தான்... மணிமொழி ஒருநாளும் தடுத்ததில்லை. இப்போதும் வாய் திறக்கவில்லை. காதெல்லாம் எரிந்தது.

மாலை. மணிமொழியின் அலுவலக அறையில் சிவசங்கர் தயங்கித் தயங்கி நின்றான்.

"உங்கள எனக்குப் புடிச்சிருக்கு... வூட்ல யாருகிட்ட வந்து பேசணும்?"

"அறிவிருக்கான்னு கேட்டீங்களே... அவங்ககிட்ட. எங்கம்மா."

அவன் முகம் வெளுத்தது. "ஐயோ... தெரியாம..."

"நீங்க தெரியாமக் கேட்டீங்க. நான் தெரிஞ்சே நின்னுக்கினு இருந்தேன். எது கேவலம்?" ஜன்னல் பக்கம் திரும்பினாள். "எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு. அதான் இன்னும் கேவலமா இருக்கு... நீங்க என்னைக் கம்மியா நெனச்சிடுவீங்களோன்னுதான் பேசாம நின்னேன்."

"நானும் வரேன். மன்னிப்புக் கேக்கணும்."

"அப்புறம் வாங்க. மொதல்ல நான்."

ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தில், தான் பூசியதைத் தானே கொத்திக்கொண்டிருந்தாள் அம்மா. சுற்றிலும் வேலையாட்கள். மணிமொழி ஓர் உளியை எடுத்துக்கொண்டாள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி "அம்மா" என்று கூப்பிடத்தான், மழையில் இறங்கி நடந்தாள்.