கணக்கில் சேர்க்காத பெண் எலிகள்

கழுவித் துடைத்துக் காலியாக வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் உள்பக்கத்தில் ஆவி படிந்திருந்தது.

கீழ்விளிம்பை ஒட்டி, எலியின் மூக்கு எட்டும் உயரத்தில், வட்ட வட்டமாக. அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள், வெளிப்பக்கம் உலர்ந்திருந்தது. மரத்தூள் வாசனை, மருந்து நெடி, ஏசியின் ஓயாத முனகல் என்று ஆய்வுக்கூடத்தில் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. 

“இந்தப் பெட்டியில எலி ஏதாவது விட்டீங்களா?” என்று கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவரைக் கேட்டாள்.

“நீங்கதானே பழுதுன்னு சொன்னீங்க மேடம். அப்புறம் யார் அதைத் தொடுவா?”

பழுது. வாய் கூசாமல் சொன்ன பொய்.

ஆக்ஸிஜனைக் குறைத்து, எலிகளின் நுரையீரல் இரத்தக்குழாய்களை இறுக வைக்கும் பெட்டி அது. அவளுடைய அம்மாவைக் கொண்டுபோனதும் அந்த இறுக்கம்தான். குடும்பத்து மரபணுவில் ஒரு பிழை. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தேடிப் பிடிக்கும் பிழை. அதே பிழையோடு வளர்த்த எலிகளிடம் அவள் கண்டுபிடித்த மருந்து பிரமாதமாக வேலை செய்தது. எல்லாம் ஆண் எலிகள். பெண் எலிகளுக்கு ஹார்மோன் ஏறி இறங்கும், முடிவு குழம்பிப்போகும் என்று அங்கே யாரும் அவற்றைச் சேர்ப்பதில்லை. பெண்களை வாட்டும் நோய்க்கு மருந்து தேடிய லட்சணம் அப்படி! மருந்து மனிதர்களிடம் சோதனைக்குப் போன பிறகுதான், சும்மா பார்ப்போமே என்று பெண் எலிகளுக்குக் கொடுத்தாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பேரும் புகழும் கைக்கு எட்டிய நேரம். பெட்டி பழுதானதால் செத்தன என்று சொல்லி, அவற்றை எரிக்க அனுப்பிவிட்டாள். மருந்தைச் சாப்பிடுகிறவர்களில் அவளுடைய தங்கையும் ஒருத்தி. கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சோதனையில் சேர்த்துவிட்டதும் இவளேதான். அந்த நினைப்பு நெஞ்சை அறுத்தது. மானம் போனால் போகட்டும், இன்றைக்குத் தங்கையிடம் சொல்லி மருந்தை நிறுத்திவிடுவது என்று வீட்டுக்குக் கிளம்பினாள்.

மாடிப்படி ஏறும்போதே மூச்சுச் சத்தம் கேட்டது. சின்னதாக, வேக வேகமாக, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

கதவைத் தள்ளித் திறந்தாள். தங்கையின் அறையில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. உள்ளே வெதுவெதுப்பான ஈரக்காற்று. பலபேர் நெடுநேரம் அடைந்து கிடந்த அறையின் புழுக்கம்.

“லைட் போடாதே அக்கா. கண்ணு கூசுது.”

குரல் கட்டிலிலிருந்து வரவில்லை. மூலையில், தரையோடு தரையாக எங்கோ இருந்து வந்தது.

“மாத்திரை...” என்று இவள் இழுத்தாள்.

“போட்டுட்டேன், போட்டுட்டேன். ஒருவேளைகூட விடலை. என் அக்கா கண்டுபிடிச்ச மருந்தாச்சே, விடுவேனா?” சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே மூச்சு வாங்கியது.

சொல். இப்போதே சொல்.

“நல்லதும்மா” என்றாள் அக்கா.

வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

தங்கையின் மூச்சு நின்றது.

மறுபடி கேட்டது. சுவரோரத்தில். கட்டிலுக்கு அடியில். இவள் காலருகில். ஒன்றல்ல. பல.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின.

கை சுவிட்சைத் தேடியது. வெளிச்சம்.

மூலையில் தங்கை சுருண்டு கிடந்தாள். உதடெல்லாம் நீலம். அவள்மேல் ஒருத்தி. அவளுக்கும் மேல் இன்னொருத்தி. மருத்துவமனை உடுப்பில், வீட்டு உடையில். நரைத்த தலை. பள்ளிச் சீருடை. அவள் மருந்தைச் சாப்பிட்ட, யாரென்றே தெரியாத பெண்கள், ஒருத்தியின் வயிற்றுக்கடியில் ஒருத்தி முகம் புதைத்து, கூண்டு எலிகள்போலக் குவியலாக. ஒரு நெஞ்சும் ஏறி இறங்கவில்லை.

குவியல் மெல்ல அசைந்தது. விலகியது. நடுவில் ஒரு ஆள் படுக்க இடம் விட்டது.

தங்கை கண்ணைத் திறக்காமலேயே நீலம்பாரித்த கையை நீட்டி, அந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.