ஷிரின் பானுவுக்கு மட்டும் லீவு

"ஷிரின் பானு, நாளைக்கு நீ லீவு போட்டுக்கோ" என்றார் ஜெயசிங் சார்.

மறுநாள் எங்கள் பள்ளியில் தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் மூன்றே நிமிடத்தில் எல்லோரும் மாடியிலிருந்து மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். ஷிரின் ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பாள். போன வருடம் அவள் பாதிப் படியில் இருந்தபோதே நேரம் முடிந்துவிட்டது. எங்கள் வகுப்புதான் கடைசி. சாருக்கு நல்ல திட்டு விழுந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நெசமாவே தீப்பிடிச்சா அன்னைக்கும் லீவா சார்?"

"இசக்கிச்செல்வி, உனக்கு வாய் ரொம்ப நீளுது."

வெளியே வந்ததும் ஷிரின், "விடுட்டி. நான் வராட்டா எல்லாருக்கும் நல்லதுதான" என்றாள். சாரைவிட அவள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

"நாளைக்கு நீ வார. இல்லன்னா உன்கூடப் பேச மாட்டேன்."

வந்தாள். சார் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' போட்டார்.

மணி அடித்தது. முப்பத்தேழு பேர் மடமடவென்று இறங்கினார்கள். நான் ஷிரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"ஏட்டி, நீ போ. சார் அடிப்பாரு."

"அடிக்கட்டும்."

கீழே எண்ணியபோது ஓர் ஆள் குறைந்தது. ஒத்திகை நடத்த வந்த தீயணைப்பு வீரர் சண்முகையா அண்ணாச்சி மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார். பின்னாலேயே சார்.

"ஏட்டி, மணி கேக்கலையா?" என்றார் சார்.

"கேட்டுச்சு சார். ரெண்டு பேரு உள்ள இருக்கோம்."

அண்ணாச்சி பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். "ஒரு பிள்ளையத்தான காணலன்னு சொன்னிய? இது யாரு?"

ஷிரின் பேருக்கு நேரே இருந்த 'ஆப்சென்ட்'டை நான் விரல் வைத்துக் காட்டினேன்.

"நெசத் தீயா இருந்தா இந்தப் பிள்ளைய நாங்க தேடியே இருக்க மாட்டோம் சார். நோட்டுல இல்லாத ஆள எப்படித் தேடுவோம்?"

ஷிரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் சொன்னேன்: "எங்க அப்பா வேல பாக்குற தறிக்கூடத்துல, நூல் சுத்துன பாவு உருளைய நாலு பேரு மாடியில இருந்து இறக்குவாவ. ஒருத்தரு முன்னால நின்னு படிய எண்ணிச் சொல்லுவாரு. அதே மாதிரி இவள நாற்காலியோட இறக்கலாம்."

அண்ணாச்சி ஒத்திகையை மறுபடி நடத்தினார். நான்கு பெரிய அக்காமார் நாற்காலியைத் தூக்க, நான் படி எண்ணினேன்.

"மெதுவாட்டி, நான் பாவு உருளை இல்ல" என்றாள் ஷிரின்.

ஆறு நிமிடம் ஆனது. இந்த வருடமும் நாங்கள்தான் கடைசி. சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பதிவேட்டில் அந்த 'ஆப்சென்ட்' அப்படியே இருக்கிறது. நானே எட்டிப் பார்த்தேன்.

ஆனால், ஒத்திகைக்கு அடுத்த நாள் சார் பெயர் வாசித்தபோது, ஷிரின் "உள்ளேன் ஐயா" என்று பக்கத்து வகுப்பு வரை கேட்கும்படி சொன்னாள். சார் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் பேனாவை வைத்தார்.