வெள்ளிக்கிழமை அடுப்பு

"நான் உன்னை இன்னாடி கொடுமை பண்ணிட்டேன்? சொல்லு, நானும் தெரிஞ்சிக்கிறேன்!"

விடிந்தும் விடியாததுமாக ரூத்தம்மாள் ஆரம்பித்துவிட்டாள். மருமகள் சுகிர்தா தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக மாமியாரின் வாய்க்குப் பழகிய காதுதான். ஆனால் இன்றைக்கு அந்தக் குரலில் அழுகையும் சேர்ந்திருந்தது.

நேற்று சாயங்காலம் பாஸ்டரம்மா வந்துபோனதிலிருந்து இந்த ரகளை. சபையின் ஜெபக் குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்ததாம். 'எங்கள் வீட்டில் ஒருவருக்கு உயிரோடிருக்கப் பிடிக்கவில்லை, ஜெபியுங்கள்.' பெயர் இல்லை. பெயர் எதற்கு? ஞாயிறு பள்ளிக் கரும்பலகையில் வாராவாரம் எழுதுகிற சுகிர்தாவின் கையெழுத்து சபைக்கே தெரியுமே! அந்த அசட்டுத்தனம் எழுதும்போது அவளுக்கு உறைக்கவில்லை. சாக நினைப்பது சுகிர்தாதான் என்று பாஸ்டரம்மா முடிவுகட்டி, "மருமகளைக் கொஞ்சம் அனுசரிச்சிப் போங்க" என்று ரூத்தம்மாளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"சபையில தலைநிமிர்ந்து நடந்தவடி நான்! என்னைக் கொலைகாரியாக்கிட்டியே..."

"நீங்க ஒண்ணும் பண்ணல அத்தை."

"அப்புறம் எதுக்குடி சாவணும்?"

அந்தச் சீட்டு சுகிர்தாவைப் பற்றியதே அல்ல, நாத்தனார் அனிதாவைப் பற்றியது. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி ஆறு மாதமான பெண். சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல் கிடந்தவளைப் போன வாரம் சுகிர்தா சுற்றி வளைக்காமல் கேட்டாள். "சாவணும்னு நெனைக்கிறியா அனிதா?"

"ஆங் அண்ணி..." என்று அவள் உடைந்துபோனாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. நரகத்துக்குத்தான் போவேன்னு சொல்லும்."

"உன் பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா டாக்டர்கிட்ட இட்டுகினு போவேன். அதுல மட்டும் உன் பேச்சைக் கேக்க மாட்டேன்."

அன்று முதல் சுகிர்தாவின் பாய் அனிதாவின் பாய்க்குப் பக்கத்தில்தான். அதற்கும் மாமியார், புருஷனை ஒதுக்குகிறாள் என்று ஒரு கதை கட்டினாள்.

பத்து மணிக்கு அரக்கோணத்தில் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். சுகிர்தா பையை எடுத்தாள்.

"உபவாச நாள்ல எங்கடி கெளம்பிட்டே?" ரூத்தம்மாள் வாசலை மறித்தாள். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மதியம்வரை அடுப்பு எரியாது. இருபது வருஷத்தில் ஒரு தடவையும் எரிந்ததில்லை.

"டாக்டர்கிட்ட. நீங்க இன்னா வேணா பேசுங்க அத்தை, நான் போயே தீருவேன்."

"உனக்கு இன்னாடி நோவு?"

"அண்ணிக்கு ஒண்ணும் இல்லம்மா." அறைக் கதவைப் பிடித்தபடி அனிதா நின்றிருந்தாள். "அந்தச் சீட்டு... என்னைப் பத்திதாம்மா."

ரூத்தம்மாளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ ஆண்டவரே! ரட்சிக்கப்பட்ட வீட்டுப் பொண்ணு பேசற பேச்சாடி இது? பாவம்டி! உன் விசுவாசம் எங்கடி போச்சு? மூணு நாள் உபவாசம் இருந்து..."

"போதும் அத்தை!"

சுகிர்தா அந்த வீட்டில் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"அவ விசுவாசம் எங்கயும் போவல. நேத்துகூட ஜெபம் பண்ணிட்டுத்தான் அழுதா. வனாந்தரத்துல படுத்துகினு, என் உயிரை எடுத்துக்குங்கன்னு ஒரு தீர்க்கதரிசி கேட்டாரே, அவரை ஆண்டவர் திட்டினாரா? தூங்க விட்டார். அப்புறம் தூதன் வந்து எழுப்பி, சாப்பாடு குடுத்து, போவ வேண்டிய தூரம் ரொம்பன்னு சொன்னான். போன மாசம் பெண்கள் கூட்டத்துல நீங்கதானே அத்தை இதைச் சொன்னீங்க! ஜெபமும் பண்ணுவோம், டாக்டரையும் பாப்போம். நம்ம புள்ளை நமக்கு உயிரோட வேணும்!"

ரூத்தம்மாள் மகளைப் பார்த்தாள். குழிந்த கண், எலும்பு துருத்திய மணிக்கட்டு. ஆறு மாதமாக எதிரிலேயே இருந்தும் இப்போதுதான் கண்ணில் பட்டது. நேராகச் சமையலறைக்குப் போனாள். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. நாளைக்கென்று அரைத்த மாவு தோசைக்கல்லில் விழுந்தது.

"அத்தை... இன்னிக்கு வெள்ளிக்கிழமை!"

"தெரியும்டி. ஆண்டவரே சோறு போட்டிருக்காரு. பட்டினி போட நான் யாரு?"

தோசையைப் பிய்த்து மகளின் வாயில் வைத்தாள். "என்கிட்ட சொல்லப் பயந்துகினியாடி, என் கண்ணு!" அனிதா தாயைக் கட்டிக்கொண்டு விம்மினாள். இருவரும் அழுது ஓயக் கொஞ்ச நேரமாயிற்று.

"கோயிலுக்குப் போற கிருத்திகைக் கூட்டம், பஸ்ல ஏற முடியாது. ரயிலுக்குப் போவோம். நானும் வரேன்" என்றாள் ரூத்தம்மாள். அப்புறம் அடுத்த தோசையைத் தட்டில் போட்டு, மருமகளின் முகத்தைப் பார்க்கக் கூசியபடி நீட்டினாள்.

"உன்னை இன்னா இன்னாவோ பேசிட்டேன்டி... எல்லாத்தையும் வாங்கிக்கினு நின்னியே! நீயும் சாப்புடு. போவ வேண்டிய தூரம் ரொம்பன்னு நீதானே சொன்னே?"

சுகிர்தா தட்டை வாங்கிக்கொண்டாள். கண்ணீர் விழ விழச் சாப்பிட்டாள்.