வலது கால் ஷூ

வேன் வழக்கம்போல் வில்பிரட்டையும் மற்ற ஆட்களையும் பழைய துறைமுகப் பக்கம் இறக்கிவிட்டுப் போனது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன், கப்பல்காரர்கள் பையில் கைவைத்தவனையும் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவனையும் அடைத்துப்போட்ட கொட்டடி அது. இப்போது மியூசியம் ஆக்கப் பூச்சு வேலை நடந்தது. உள்ளறையில், பிடிபட்டவனின் வலது காலை மாட்டிவைக்கும் தொழுமரம் கிடந்தது. நீளக் கட்டை, வரிசையாகத் துளைகள், உப்பும் பழைய வியர்வையும் கலந்த வாடை. அந்த அறைச் சாவி வில்பிரட்டிடம் இருந்தது. வினையே அதில்தான் வந்தது.

மத்தியான வெயிலுக்கு வேலையை நிறுத்தி, எல்லோரும் கூடத்தில் கண்ணயரும்போது ஷூ காணாமல் போனது. ஒவ்வொரு நாளும் ஒருவனுடையது. வலது கால் மட்டும்.

"இன்னொண்ணு போச்சுன்னா உனக்கு கலாஸ், அடுத்த பிளைட்ல ஊருக்குத்தான்," என்றார் சூப்பர்வைசர் விஜயபாஸ்கர். "ஒளிச்சுவைக்க இங்க பூட்டுற ரூம் அது ஒண்ணுதான். சாவி உங்கிட்டதானே இருக்கு?"

வில்பிரட் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். திருட்டுப் பட்டத்தோடு ஊருக்குப் போய், பெண்டாட்டி சுகிர்தராணி முகத்தில் எப்படி முழிப்பது? ரெங்கராஜ் வேலையாகத்தான் இருக்கும். பக்கத்தில் படுத்து ஒன்றும் அறியாதவன்போல் குறட்டை விடுகிறானே, அவன்தான்.

மணக்குடிக் கடலில் வளர்ந்தவனுக்குக் கள்ளனைப் பிடிக்கவா தெரியாது? தன் வலது ஷூவில் தூண்டில் நரம்பைக் கட்டினான். மறுமுனையைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு தூங்குவதுபோல் படுத்தான்.

நரம்பு அசைந்தது.

மெதுவாக, மீன் இரையை முகர்ந்து பார்ப்பதுபோல்.

கண்ணைத் திறந்தான். ரெங்கராஜ் வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தான். ஷூவைக் காணவில்லை. நரம்பு மட்டும் உள்ளறையின் பூட்டிய கதவுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விரல்கூட நுழையாத இடுக்கு அது.

பூட்டைத் திறந்தான். நரம்பு தொழுமரத்தின் ஒரு துளைக்குள் போயிருந்தது. மறுபக்கம் வெளியே வரவில்லை.

இழுத்தான்.

பதிலுக்கு இழுத்தது.

பிறகு சட்டென்று தளர்ந்து, ஷூ அவன் காலடியில் வந்து விழுந்தது. கையில் எடுத்தான். இப்போதுதான் யாரோ கழற்றியதுபோல் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கட்டைக்குப் பின்னால், காணாமல் போன ஷூக்களெல்லாம் வரிசையாக நின்றன.

"ஓ, நரம்பு கட்டி இழுக்கிற வித்தையா?" வாசலில் விஜயபாஸ்கர்.

"நான் எடுக்கல்ல சார். கள்ளனப் பிடிக்கத்தான் கெட்டினேன்."

"அதான் பிடிச்சாச்சே." கத்தியை எடுத்து நரம்பை அறுத்தார்.

சாயங்காலம் கேம்ப் ரூமில் தனியாகப் பெட்டி கட்டும்போது வில்பிரட்டுக்கு அழுகை வந்தது. கட்டைவிரலில் சாண் நீள நரம்பு இன்னும் சுற்றிக்கிடந்தது. அவிழ்க்கப் போனவன் அப்படியே நின்றான்.

நரம்பு சாண் நீளம் இல்லை. தரையில் இறங்கி, கதவுக்கு அடியில் வெளியே போயிருந்தது.

வெளியே ஒற்றை ஷூவின் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

நரம்பு இறுகியது.