சாமி அலமாரியில் வைத்த பாஸ்போர்ட்

காளவாசல் சிக்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மாடியில் சாருலதாவின் துப்பறியும் அலுவலகம். பெயர்தான் பெரிசு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்க வருகிறவர்கள். அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்த பெண்ணின் கையிலோ கனத்த குளிர்கோட்டு ஒன்று இருந்தது. மதுரை வெயிலில் அதைப் பார்த்ததும் உதவியாளர் தவசிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கோட்டத் திருப்பிக் குடுக்கப் போனேன் மேடம். வித்தது வித்ததுதான்னுட்டாங்க. கடைப்படி எறங்கி வரும்போது உங்க போர்டப் பாத்தேன்," என்றாள் அந்தப் பெண்.

பெயர் ஆர்த்திகா. நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமம். விவசாயி முத்திருளனின் மகள். கனடாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, படிப்பு அனுமதியும் வந்து, விசா ஒட்டிய பாஸ்போர்ட் புதன்கிழமை கூரியரில் வீட்டுக்கு வந்திருக்கிறது. அன்று அவள் மதுரையில் தோழி வீட்டில் தங்கி, கனடாவுக்குக் கிளம்பச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஆசை ஆசையாக வீட்டுக்குப் போனால் பாஸ்போர்ட்டைக் காணோம்.

"ஞாயித்துக்கிழமை பிளைட்டு. செவ்வாய்க்கிழமைக்குள்ள காலேஜ்ல போய் நிக்கணும். இல்லன்னா சீட்டு போயிரும், சீட்டு போனா அனுமதியும் போயிரும்."

"மறுபடி எழுதிப் போட முடியாதா?" என்றான் தவசி.

"புதுப் பாஸ்போர்ட்டு, கைரேகை, விசா, எல்லாம் முதல்லருந்துண்ணே. அதுவரைக்கும் வீட்டுல சும்மா விடுவாங்களா? கழுத்துல தாலி ஏறிரும்."

"கூரியரை வாங்கினது யாரு?" என்று கேட்டாள் சாருலதா.

"அம்மாதான். நல்லது எது வந்தாலும் அம்மா சாமிகிட்டதான் வைக்கும். என் பத்தாப்பு ஹால் டிக்கெட்லருந்து அப்படித்தான். இதையும் வெளக்கேத்தி, மஞ்சள் குங்குமம் வச்சு, சாமி அலமாரில வச்சிருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் மாமன் மகன் மருது நெல்லு மூட்டை கொண்டாந்துச்சு. என்னயக் கட்டிக்கிறேன்னு முன்னாடி கேட்ட ஆளு. அதுதான் எடுத்திருக்கும்னு அப்பா நேத்து அத அடிச்சுப் போட்டாரு."

தவசிக்கு வழக்கு முடிந்தேவிட்டது. ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம், "பொண்ணு கையவிட்டுப் போயிரும்னு எடுத்துட்டான்க்கா, வேற என்ன?" என்றே சொல்லிக்கொண்டு வந்தான்.

தெருமுனைச் சுவரில் பசை காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தவசி சுவரில் எதைக் கண்டாலும் வாய்விட்டுப் படிக்கிற ஆள். "செவ்வாய்க்கிழமை செத்திருக்காரு. கருமாதி அடுத்த வாரம். கீழ பங்காளிகள்னு நம்ம முத்திருளன் பேரும் இருக்குக்கா."

வீட்டின் கீழ்ப்பகுதி பழசு. மாடி மட்டும் புத்தம் புதுசாக, டைல்ஸ் பதித்துப் பளபளவென்று நின்றது. முத்திருளன் பாஸ்போர்ட்டைவிட மாடியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

"மூத்தவன் அருள்பாண்டி கனடாவுலதான் இருக்கான். போன வருசமே மாடியக் கட்டிக் குடுத்துட்டான். படிச்சுக்கிட்டே எம்புட்டு அனுப்புறாங்கிறீங்க? இவளும் அவன்கூடத்தான் தங்கப் போறா. காலேஜுக்கும் அந்த விலாசந்தான் எழுதிக் குடுத்திருக்கு."

"எப்ப வந்துட்டுப் போனார்?"

"எங்க? அவன் அப்பத்தா செத்ததுக்கே வர முடியல. படிப்பு அப்படி."

பின்வாசலில் மருதுவின் செருப்பு கிடந்தது, வயல் சேறு காய்ந்து போய். மருது அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தான், உதடு வீங்கியிருந்தது. "புதன்கிழமை மூட்டைய அடுப்படில எறக்கிட்டு அப்படியே போயிட்டேன். நேத்து அடி வாங்கிட்டு ஓடுனதுல விட்ட செருப்ப எடுக்கத்தான் இப்ப வந்தேன்," என்றான். பின்வாசலிலிருந்து அடுப்படி வரை சேற்றுக் காலடி இருந்தது. அதற்கு அப்பால் இல்லை.

சாமி அலமாரியின் திரை இழுத்து மூடியிருந்தது. தவசி விலக்கிப் பார்த்தான். விளக்கில் எண்ணெய் இல்லை, திரி இல்லை. படத்தில் போட்ட பூ சருகாகி உதிர்ந்திருந்தது.

சாருலதா வீட்டார் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தாள். ஆர்த்திகாவின் அம்மா சீனியம்மாள் மட்டும் தூணோரம் நின்றாள்.

"மருது எடுக்கலைங்க. சேத்துக்காலோட வந்தவர் அடுப்படியோட திரும்பிட்டார். அதுபோக, அலமாரில இல்லாததை யாரும் எடுக்க முடியாது."

"இல்லாததா? எம் பொண்டாட்டி வச்சாளே," என்றார் முத்திருளன்.

"செவ்வாய்க்கிழமை உங்க பங்காளி செத்தார். உங்களுக்குத் தீட்டு. கருமாதி முடியுற வரைக்கும் இந்த வீட்டுல சாமி விளக்கு ஏத்துவீங்களா? திரையத் தொடுவீங்களா?"

முத்திருளன் மூடிய திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"புதன்கிழமை விளக்கேத்தி வச்சதா அம்மா சொன்னாங்க. எப்பவும் செய்யறதையே சொன்னாங்க. அதனால உங்க யாருக்கும் உறுத்தல. ஆனா அங்க பூ சருகாக் கிடக்கு, திரிகூட இல்லை."

"பெத்த தாயி எதுக்கு மறைக்கணும்?" என்றார் முத்திருளன். குரலில் பழைய சத்தம் இல்லை.

"மாடியப் பாத்தா தெரியலையா? படிக்கப் போறவங்க முழுநேரமும் படிக்கணும். வேலை செய்ய இம்புட்டு நேரந்தான்னு சட்டம் இருக்கு. மாடி கட்டுற அளவுக்குச் சம்பாதிச்சவர் எப்ப காலேஜுக்குப் போனார்? போகலைன்னா அனுமதி போயிருக்கும். அந்த நாட்டவிட்டு வெளிய வந்தா திரும்ப உள்ள போக முடியாது. அப்பத்தா சாவுக்கு வராதது அதனாலதான். சரியாம்மா?"

சீனியம்மாள் தூணடியில் உட்கார்ந்தாள். வீடே தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஒரு வருடமாக அவள் ஒருத்தியே விழுங்கி வைத்திருந்தது அது.

"ஆமாத்தா. ஒளிஞ்சு நின்னுதான் வேல பாக்குறான். இவ போய் எறங்குனா ஏர்போர்ட்டுலயே, 'யாரு வீட்டுல தங்கப் போற'ன்னு கேப்பாங்களாம். விலாசத்த வச்சு அவனப் பிடிச்சு அனுப்பிருவாங்களாம். எம்புள்ள அழுதான்த்தா."

"பாஸ்போர்ட் எங்கம்மா?" என்றாள் ஆர்த்திகா.

"வெந்நி அடுப்புல போட்டுட்டேன்."

தவசி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு ஆர்த்திகாதான் கேட்டாள், சத்தமே இல்லாமல்.

"ஹாஸ்டல் விலாசம் குடுத்திருப்பேனே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே. எரிக்கணும்னு உனக்கு எப்படிம்மா தோணுச்சு?"

"எனக்கு என்ன தெரியும்? அவந்தான் சொன்னான். ஒளிச்சு வச்சா தேடி எடுத்துருவா, எரிச்சுருன்னான். பொம்பளப்புள்ள, உனக்கு இங்கயே ஒரு வழி பாத்துக்கலாம். அவனுக்கு ஏது?"

முத்திருளன் எழுந்து பின்வாசலுக்குப் போனார். மருதுவின் பக்கத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை போலிருக்கிறது. மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். என்ன மனிதரோ.

அப்போது சீனியம்மாளின் மடியில் செல்போன் அதிர்ந்தது. திரையில் அருள்பாண்டியின் படம். அவள் எடுக்கவும் மாட்டாமல் வைக்கவும் மாட்டாமல் மகளைப் பார்த்தாள்.

"எடுத்துப் பேசு. எரிச்சாச்சுன்னு சொல்லு," என்றாள் ஆர்த்திகா. கோட்டை மடித்துத் தாயின் மடியில் வைத்தாள். "இதையும் அவனுக்கே அனுப்பிரு. அங்க குளிரும்."