இருகயிற்று நேரம்

கயிறு மாற்றும் நாளன்று கடலுக்கே தூக்கம் கலையாத மாதிரி இருக்கும். அன்றும் அப்படித்தான். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத பனிமூட்டத்துக்குள் இழுவைக் கப்பல் மெல்ல ஊர்ந்தது. அதன் பின்னால், பனைமரப் பருமனுள்ள கரியிழைக் கயிற்றின் மறுமுனையில், ஒரு நாடே மிதந்து வந்தது. வீடுகள், பள்ளிக்கூடம், முருங்கை மரம், கொடியில் காயும் துணிகள், எல்லாம்.

கேப்டன் அமலோற்பவம் தளத்தில் நின்று மக்ரூன் பொட்டலத்தின் மேல் இன்னொரு பாலித்தீனைச் சுற்றினாள். எத்தனை சுற்றினால் என்ன, கடல் காற்று பட்டு நமத்துத்தான் போகும். அதற்காகத் தூத்துக்குடி மக்ரூன் இல்லாமல் தம்பி முகத்தில் விழிக்க முடியுமா?

"இந்தத் தடவையாவது மொறுமொறுன்னு போய்ச் சேருமா மேடம்?" என்று சிரித்தான் துணை அதிகாரி பரிதி.

"வாயை மூடிக்கிட்டுக் கயித்தைப் பாருடா."

தீவுகளும் கரையோர ஊர்களும் மூழ்கிய பிறகு, மிஞ்சியவர்கள் கட்டிக்கொண்ட மிதவை நாடு அது. அதற்கென்று நிலமும் இல்லை, கடலும் இல்லை. புயலுக்குத் தப்பி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அண்டை நாடுகள் கூடிப் பேசின. போர்க்கப்பல்களில் பீரங்கிகளைக் கழற்றிவிட்டுக் கயிறு சுற்றும் உருளைகளைப் பொருத்தின. பாதி ஆண்டு இந்தியா இழுக்கும், பாதி ஆண்டு இலங்கை இழுக்கும். ஆகா, எப்பேர்ப்பட்ட நட்பு என்று உலகமே மெச்சியது. மெச்சட்டும். இழுப்பதற்குக் கூலி என்ன என்று மட்டும் யாரும் உரக்கக் கேட்கவில்லை.

இரண்டு நாட்டிலும் பிள்ளை பிறப்பதே அபூர்வமாகிப்போன காலம். மிதவையில் மட்டும் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. அதனால் ஒப்பந்தம் இப்படி அமைந்தது: எந்த நாட்டுக் கயிற்றில் மிதவை இருக்கும்போது பிள்ளை பிறக்கிறதோ, அது அந்த நாட்டுப் பிள்ளை. பதினெட்டு வயதில் கரையேறிப் போய், அந்த நாட்டின் கயிற்றுப் படையில் சேர வேண்டும். வயதாகி ஓயும்வரை விலக முடியாது. படையில் இருக்கும்வரை அடுத்த நாட்டு மண்ணை மிதிக்கக் கூடாது; மிதவையிலும் கால் வைக்கக் கூடாது.

அமலோற்பவமும் தம்பி சந்தியாகுவும் இரட்டையர். அவள் பிறந்தபோது இந்தியக் கயிறு. அவன் வெளியே வருவதற்குள் கயிறு மாறிவிட்டது, பாவம். அவள் தூத்துக்குடிக்கு, அவன் கொழும்புக்கு. அம்மா செத்தபோதுகூட ஆளுக்கொரு கப்பலில் நின்று அழுததோடு சரி. புதுக்கயிறு கட்டி முடித்துப் பழைய கயிற்றை அவிழ்க்கும் வரை உள்ள சின்ன இடைவெளிதான் இருகயிற்று நேரம். அப்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பனிக்குள்ளிருந்து சந்தியாகுவின் இலங்கைக் கப்பல் வெளிப்பட்டது. கயிறு கட்டியாயிற்று. சிறுகயிற்றில் மக்ரூன் கூடை போயிற்று, இலங்கை இனிப்பான தொதல் பொட்டலத்தோடு திரும்பி வந்தது.

"தலையெல்லாம் நரைச்சிட்டே வருதே சந்தியாகு," என்றாள் வயர்லெஸ்ஸில்.

"ஓம் அக்கா. உமக்கும்தான்."

"உமக்காம்! பேச்சே மாறிப்போச்சு உனக்கு."

அவன் பச்சைக்கொடி ஏற்றியதும் அவள் கயிற்றை அவிழ்க்க வேண்டும். அதற்குள் மிதவையிலிருந்து மருத்துவச்சி கதீஜாவின் குரல் இரண்டு கப்பல்களிலும் கேட்டது.

"ஹவ்வாவுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வலி எடுத்திருச்சும்மா. தலை தெரியுது. மூத்த பொண்ணு உங்க கயித்துல பொறந்தவ. நீங்க அவிழ்த்துட்டா இது அந்தப் பக்கம் போயிரும். ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்மா. கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

பழைய கயிறு கட்டியிருக்கும் வரை பிறப்பது இந்தியப் பிள்ளைதான். ஆனால் கொடி ஏறிய பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால் வேலை போய்விடும். படையிலிருந்து விரட்டப்பட்டவர் என்ற பெயரோடு வாழ்வதைவிடக் கடலிலேயே விழலாம் என்பார்கள். அவளுக்கு இந்தக் கப்பலைத் தவிர வேறு வீடும் இல்லை.

"நான் அவிழ்க்கப் போறதில்லை தம்பி," என்றாள். "நீ கொடியை ஏத்து. குத்தம் என்னோடதா இருக்கட்டும்."

அலை எழும்பத் தொடங்கியது. இரண்டு கயிறுகளும் முனகின. கரையிலிருந்து தலைமையகம் கத்தியது. தாமதம் ஏன்? யார் தாமதம்?

பிறகு சந்தியாகுவின் குரல், ரொம்ப நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. "எங்கட கப்பல்ல கொடிக்கயிறு சிக்கிட்டுது. ஏத்த ஏலாம இருக்கு."

அமலோற்பவம் பைனாகுலரில் பார்த்தாள். கொடி அவன் கக்கத்தில் சுருட்டி இருந்தது. அடப்பாவி!

"எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள்.

"பிள்ளை பிறக்கிற மட்டும்."

"டேய், உன்னையும் தூக்கிடுவாங்கடா!"

"தூக்கட்டும்."

பனிமூட்டம் வெயிலில் பொன்னிறமாகி, மிதவை ஆகாயத்தில் தொங்குவது போலத் தெரிந்தது. பரிதிகூட உருளையில் கை வைத்தபடி வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தான். கடைசியில் வயர்லெஸ்ஸில் கேட்டது ஒரு வீறிடல், சின்னதாய், கோபமாய். கதீஜா அழுதுகொண்டே சிரித்தாள்.

கொடி ஏறியது. கயிறு அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. கப்பல்கள் மெல்ல விலகத் தொடங்கின.

வயர்லெஸ்ஸில் எல்லாவற்றையும் கேட்ட இரண்டு நாட்டுத் தலைமையகங்களின் உத்தரவு உடனே வந்துவிட்டது. கரை சேர்ந்ததும் இருவருக்கும் பதவி நீக்கம். இனி அவர்கள் படை ஆட்கள் அல்ல, வெறும் ஆட்கள். அமலோற்பவம் உருளையைத் தடவிக்கொடுத்தாள். அழுகையாக வந்தது.

"அக்கா," என்றது வயர்லெஸ், இரைச்சலுக்கு நடுவே. "தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கு ஜனங்கள் வாற படகு ஓடுதுதானே?"

"ஓடுது. அதுக்கென்ன இப்போ?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அப்ப மக்ரூனைக் கையிலயே கொண்டு வாரும்," என்றான் தம்பி. "ஒருக்காவாவது நமத்துப் போறதுக்கு முந்தித் தின்னோணும்."