பதினைந்தாவது கயிறு

கோயில் வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அந்த வேன் கல்மேட்டுத்துறைக்குள் நுழைந்தபோது நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஊரை வேவு பார்க்கத்தான் எமரன்சி மாடிக்குப் போகிறாள் என்று ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். ஈரத் துணி இருந்தால்தான் போவேன். எங்கள் வீட்டில் எப்போதும் ஈரத் துணி இருக்கும்.

என் கொடிக்கயிற்றுப் பக்கம் நின்றால் புனித சந்தியாகப்பர் கோயிலின் பீடப்பகுதி முழுசாகத் தெரியும். அதற்குப் பின்னால் கடல். வடக்கே தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைக்குழாய்கள். கோயிலுக்கு நூற்றிருபது வயது. பீடத்துக்கு மேலே கூரை ஒழுகி, மழைக்காலத்தில் பூசை வைக்கிற சாமியாருக்கு உபதேசியார் குடை பிடித்த கண்ணராவியெல்லாம் நடந்திருக்கிறது. கடைசியில் ஒரு வழியாகக் கமிட்டி போட்டுச் சீரமைக்கக் கிளம்பினார்கள். கமிட்டித் தலைவன் மெல்வின்.

மெல்வினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் அவன் பூசை நேரத்தில் கோயில் வாசலில் நின்று போனை நோண்டுகிற ஆள். மூன்று வருஷத்துக்கு முன் அவன் தங்கை ஷெர்லினின் புருஷன் ஜாய்சன் கடலில் முங்கப் போய்த் திரும்பவில்லை. சடலம்கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மெல்வின் முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டான். துக்கம் ஒருவனைக் கோயிலுக்குள் கொண்டுவரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றவர்கள் பீடத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். மெல்வின் பீடத்துக்குக் கீழே, தரையைப் பார்த்துக் கும்பிடுவான்.

எனக்கு அப்போதே உறுத்தியது.

ஜாய்சன் முங்கிய அன்று படகில் கயிறு பிடித்தவன் மெல்வின்தான். எங்கள் ஊரில் முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். அவன் விட்டால் அவன் தங்கையின் தாலியல்லவா போகும்? முத்துக்குளித்த காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு; இப்போது படகிலிருந்து குழாயில் காற்று போகிறது, கயிறு மட்டும் மாறவில்லை. கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் கயிற்றை இன்னும் விடு என்று அர்த்தம். இரண்டு இழுப்பு வந்தால் மேலே தூக்கு. இரண்டு இழுப்புக்குப் பிறகு வானமே இடிந்தாலும் கயிற்றைக் கைவிடக்கூடாது.

திரும்பி வராதவர்களுக்கும் ஒரு முறை இருந்தது. அவனுடைய கயிற்றைக் கொண்டுவந்து பீடத்தடியில் ஒரு தேக்குப் பெட்டியில் வைப்பார்கள். கயிறு பிடித்தவன் அதை இரண்டு தரம் இழுத்து, "மேல வா" என்பான். ஆத்துமம் கடலடியிலேயே தங்கிவிடக் கூடாதாம். அதற்குப் பிறகுதான் கடலில் மாண்டவர் பட்டியலில் அவன் பெயர் வாசிக்கப்படும். கடைசி முத்துக்குளிப்பு முடிந்ததும் பெட்டியை மூடி, மேலே சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். பட்டியலில் பதினாலு பெயர்.

"என் வீட்டுக்காரர் பேரையும் சேருங்க" என்று ஷெர்லின் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாலியைக் கழற்றவும் மனசில்லை, போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் வரவும் முடியவில்லை அவளுக்கு. ஒவ்வொரு தடவையும் மெல்வின் ஒரே பதில்தான் சொல்வான்.

"கயிறு எங்க இருக்குளா? பாறையில உரசி அறுந்து கடலோட போச்சு. கயிறு இல்லாம எப்படிப் பேரு வாசிக்க?"

வேலை தொடங்கிய ஒன்பதாம் நாள் பீடத்தடியில் பெட்டி அகப்பட்டது. நான் தற்செயலாக அங்கே இருந்தேன். கொத்தனார் மாரிச்செல்வம் மூடியைத் தூக்கினார். பழைய கயிறுகள் பொடிப்பொடியாய், காய்ந்த பாம்புச் சட்டைபோலச் சுருண்டு கிடந்தன. எண்ணினார்.

பதினைந்து.

பதினைந்தாவது, நீல நைலான் கயிறு.

ஒரு முனையில் இடுப்புக்கு மாட்டுகிற வளையம். முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. மறுமுனை உரசி நைந்திருக்கவில்லை. கத்தியால் ஒரே வெட்டாக வெட்டியதுபோல் இருந்தது.

கயிறு ஈரமாக இருந்தது.

"உங்க ஆளுக எவனும் வெளையாட்டுக்குப் போட்டானா?" என்று பங்குச் சாமி கிருபாகரன் கேட்டார்.

"சாமி, மூடி மேல சுண்ணாம்பு பாறை மாதிரி கெடந்துது. நான்தான் உளி வச்சு ஒடச்சேன். எந்தக் கையி உள்ள போவும்?" என்றார் மாரிச்செல்வம். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், கடல் விஷயம் தெரியாது. ஆனாலும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மெல்வின் பெட்டியைப் பார்க்கவேயில்லை. "எரிச்சிருவோம்" என்றான். "கோயில் காரியத்துல குப்பை எதுக்கு?"

அந்த நீலக் கயிற்றை மட்டும் அவனே கொண்டுபோய்க் கடற்கரையில் எரித்தான். அன்றைக்கு எனக்குப் போர்வைகள் துவைக்க வேண்டியிருந்ததால் எல்லாவற்றையும் மாடியிலிருந்து பார்த்தேன். நைலான் எரிந்தால் கரும்புகை வரும், பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். இது வெள்ளையாய் ஆவி விட்டது. காற்றில் வந்த வாடை என் மூக்குக்கு நன்றாகத் தெரிந்த வாடை.

கடல் அட்டை அவிக்கிற வாடை.

கடலடியில் முங்கி அட்டை எடுப்பது சட்டப்படி தடை. அகப்பட்டால் படகும் போகும், ஆளும் உள்ளே போவான். ஆகையால் எங்கள் ஊரில் அந்த வாடை யாருக்கும் தெரியாது. காற்று திரும்பினால் எல்லோரும் ஜன்னலை மட்டும் சாத்திக்கொள்வார்கள்.

ஜாய்சன் சங்குக்கு முங்கினான் என்றுதான் மெல்வின் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

மறுநாள் காலையில் மாரிச்செல்வம் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"யக்கா, அது திரும்பக் கெடக்கு."

சாமி யோசித்தார். சாமியார்களுக்குப் பேய் என்று சொல்ல வாய் வராது. "மேற்கொண்டு யாரும் தொட வேண்டாம். அர்ச்சிப்பு அன்னைக்கு எல்லாக் கயிறையும் சேத்து மந்திரிச்சு மூடிருவோம்" என்றார்.

சீரமைத்த கோயிலைப் புனிதப்படுத்தித் திறக்கிற அந்த அர்ச்சிப்பு விழாவில் பங்கின் வரலாற்றை எழுதி வாசிக்கிற வேலையை அவர் எனக்குக் கொடுத்திருந்தார். ஊர்க்கதை முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானாம். பாராட்டா குத்தலா என்று இன்னும் பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் ஷெர்லின் என் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"எமரன்சியாக்கா, வளையம் எம்புட்டு அகலம் இருந்துச்சு?"

கையால் காட்டினேன்.

அவள் தன் கையாலும் அந்த அகலத்தை அளந்து பார்த்தாள். "அவுக இடுப்பு அளவுதான்."

"ஏளா, ஊருல எத்தனை நீலக் கயிறு இருக்கு."

"அண்ணன் எதையோ மறைக்கான்க்கா. மூணு வருசமா என் முகத்த நேரே பாக்க மாட்டுக்கான்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்கதான வாசிக்கிய. பேரச் சேத்து வாசிச்சிருங்க. கயிறுதான் வந்துட்டே."

சேர்த்துக்கொண்டேன். பரிதாபத்தால் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மெல்வின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அர்ச்சிப்பு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் முழுக்கப் புதுத்துணி. தூத்துக்குடியிலிருந்து மறைமாவட்ட ஆயர் வந்து புதுப் பீடத்தில் எண்ணெய் பூசினார். வெள்ளைச் சுவர்கள் கண்ணைக் கூசவைத்தன. பெயின்ட் வாசனை, சாம்பிராணி, மல்லிகை. முத்துக்குளித்தவர்கள் கல் சுமந்து கட்டிய கதையை நான் வாசித்தேன். புயலில் கோபுரம் விழுந்ததையும் வாசித்தேன். பிறகு கடலில் மாண்டவர் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் வந்து, பெட்டிக்குள் கை விட்டு, கயிற்றை இரண்டு தரம் மெல்ல இழுத்து, "மேல வா" என்றார்கள். பொடிந்த கயிறுகள். தூசிதான் எழும்பியது.

பதினாலும் முடிந்தது.

"ஜாய்சன்" என்று வாசித்தேன்.

மெல்வின் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் எதிர்பார்த்த முகம் அது இல்லை. கோபமே இல்லை அதில்.

ஊரே திரும்பி அவனைப் பார்த்தது. கயிறு பிடித்தவன் அவன்தானே? எழுந்தான். பீடத்தடிக்குப் போனான். வெட்டுப்பட்ட முனையைக் கையில் எடுத்தான். அப்படியே நின்றான்.

சாம்பிராணி வாசனை போய்விட்டது. அட்டை வாடை.

சாத்துவதற்குக் கோயிலில் ஜன்னல் இல்லை.

மெல்வின் இழுக்கவில்லை.

கயிறு இழுத்தது.

அவன் கை வெடுக்கென்று முன்னால் போனதை முதல் நாலு பெஞ்சும் பார்த்தது. கயிறு விறைத்தது. தேக்குப் பெட்டி ஒரு பக்கம் முனகியது.

மறுபடியும் ஒரு இழுப்பு.

இரண்டு.

ஷெர்லின் எப்போது எழுந்து போனாள் என்று தெரியவில்லை. அண்ணன் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் மைக்கில் கேட்டது.

"அண்ணே, இழு."

"வந்திருவான்ளா."

"வரட்டும்."

"மூணு வருசம்ளா... எப்படி வருவான்?" அவன் கயிற்றை விடாமலே சொன்னான். "அன்னைக்கும் இப்பிடித்தான். ரெண்டு தடவ இழுத்தான். ரோந்துப் படகு வந்துட்டு. நம்ம படகுல அட்டை மூட்டை கெடந்துது. கயிறையும் காத்துக்குழாயையும் அறுத்துட்டு இஞ்சினப் போட்டேன். ஒரு சுத்து சுத்தி வந்து தூக்கிரலாம்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்ளா."

கயிறு அவன் கையிலிருந்து நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. ஈரமான, கனத்த சத்தம்.

வாடை நின்றது. யாரோ அழுதார்கள். ஷெர்லின் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி நீலக் கயிற்றின்மேல் வைத்தாள். ஆயர் செபம் சொல்லி மூடச் சொன்னார். மாரிச்செல்வம் அன்றே பளிங்குக் கல்லைப் பதித்து, இடுக்கெல்லாம் பூசினார். மெல்வின் யாரும் பிடிக்கும் முன்பே தானாக நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். என் சந்தேகம் சரியாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மறைப்பானேன்.

நாலாம் நாள் பளிங்குக் கல் இடுக்கில் நீலமாக ஒரு நுனி தெரிந்தது. ஒரு சாண் நீளம். மாரிச்செல்வம் வந்து கத்தியால் நறுக்கினார். மறுநாளும் ஒரு சாண் இருந்தது. அவர் கூலிப் பாக்கியைக்கூடக் கேட்காமல் ஸ்ரீவைகுண்டத்துக்கு வண்டியேறிவிட்டார். சாமி அதன்மேல் ஒரு பூச்சாடியை வைத்தார்.

போன சனிக்கிழமை பீடத்துக்குப் பூ வைக்கிற முறை என்னுடையது. காலை பதினொரு மணி, நல்ல வெயில். கோயிலில் யாருமில்லை. பூச்சாடியை நகர்த்தினேன். பார்ப்பதற்குத்தான். பார்த்தேன். தொட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?

ஈரம். குளிர்ச்சி. இரண்டு விரலால் பிடித்தேன்.

ஒரு இழுப்பு.

விட்டிருக்கலாம். அது என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமே எனக்கு.

இரண்டாவது இழுப்பு.

பூவெல்லாம் சிதற ஓடிவந்துவிட்டேன். கோயில் கேட்டருகே மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது. அன்று கோயில் நிறைய ஆள் இருந்தோம். மெல்வின் சொன்னதையெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். மெல்வின் இழுக்கவில்லை. நாங்களும் இழுக்கவில்லை. ஜாய்சன் இன்னும் கீழேதான் இருக்கிறான்.

இப்போது கயிற்றைக் கையில் வாங்கி, இரண்டு இழுப்புக்குப் பிறகு விட்டவள் நான். ரோந்துப் படகு வந்தது என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. வேறு விஷயமாக இருந்தால் இதற்குள் ஆறு வீடு ஏறி இறங்கியிருப்பேன். ஷெர்லின் நேற்று கேட்டாள், "என்னக்கா, ரெண்டு நாளா மாடிப் பக்கமே காணோம்?" துணி இல்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

இன்று காலை வேறு வழியில்லாமல் ஏறினேன். காற்றே இல்லை. கடல் தகடுபோலக் கிடந்தது. புகைக்குழாய்ப் புகை நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. கொடியில் ஒரே ஒரு துண்டைப் போட்டேன்.

கொடிக்கயிறு வெடுக்கென்று இழுத்தது.

கையை எடுக்காமல் நின்றேன்.

மறுபடியும்.